பத்தாண்டுக்கு ஒரு குரல்: திண்டுக்கல் சமவெளியின் இசை வரலாறு

ஒரு பத்தாண்டின் ஓசை எந்தக் கலைஞருக்கு உரியது என்ற கேள்விக்குத் தமிழகத்தில் பெரும்பாலும் திரைப்படப் பெயர்களே விடையாகக் கிடைக்கின்றன. நாற்பதுகள் என்றால் எம். கே. தியாகராஜ பாகவதர், அறுபதுகள் என்றால் டி. எம். சௌந்தரராஜன், எண்பதுகள் என்றால் இளையராஜா என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த விடைகள் பிழையானவை அல்ல. ஆயினும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அதன் கோயில் வாசலிலும் தேர்தல் மேடையிலும் தொழிற்சங்கக் கூட்டத்திலும் சாவு வீட்டிலும் எது ஒலித்தது என்று கேட்கத் தொடங்கினால் பட்டியல் மாறுகிறது. புகழ்பெற்ற பெயர்களுக்குப் பக்கத்தில், சில இடங்களில் அவற்றுக்கு முன்னாலேயே, வேறு பெயர்களை வைக்கவேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்பதற்குத் திண்டுக்கல் மிகவும் ஏற்ற ஊர்.

கோட்டை அமைந்த பெரும்பாறையின் அடியில், ஒருபுறம் சிறுமலையும் மறுபுறம் பழனி மலைத்தொடரும் எல்லையாக நிற்கும் சமவெளியில் அமைந்த இந்நகரம், 1875இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை போடப்பட்ட பின்னர், தெற்கே செல்லும் நாடகக் குழுக்களும் பாடகர்களும் கடந்துசெல்லும் ஊராகியது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்கு நடக்கும் பக்தர்களில் பெரும்பகுதியினர் இதன் சாலைகள் வழியாகவே செல்கின்றனர். கோட்டை மாரியம்மன் கோயில், பேகம்பூர்ப் பள்ளிவாசல், புனித வளனார் பேராலயம் ஆகிய மூன்றும் அருகருகே இயங்கும் ஊர் என்பதாலும், தோல் பதனிடுதல், சுருட்டு, பூட்டு என்று கைத்தொழில்களால் வாழ்ந்த ஊர் என்பதாலும், இங்கே இசை கேட்டவர்களில் சபா உறுப்பினர்களைவிட உழைப்பாளிகளே மிகுதியாக இருந்தனர். இச்சமவெளியின் இசை வரலாற்றை அறிய இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம்.

பத்தாண்டுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், பத்தாண்டுகளுக்குக் கட்டுப்படாத ஓர் அடித்தளத்தைக் குறிப்பிடவேண்டும். பெரிய மேளம் எனப்படும் நாகசுரமும் தவிலும் கோயில் வழிபாட்டுக்கும் திருமணத்துக்கும் உரியவை. அவற்றோடு பம்பை, தமுக்கு ஆகிய தோற்கருவிகளையும் சேர்த்துக்கொண்டு கரகம், காவடி முதலிய ஆட்டங்களுக்கு வாசிப்பது நையாண்டி மேளம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து முனகலான ஒலியை எழுப்பும் உறுமி, இப்பகுதியில் பெருந்தொகையாக வாழும் இராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தாரின் தேவராட்டத்துக்கு உயிரானது. பறை அல்லது தப்பு, ஊரின் எல்லா அறிவிப்புக்கும் இழவுக்கும் திருவிழாவுக்கும் ஒலித்தபோதும், அதை வாசித்தவர்கள் சேரியிலேயே நிறுத்தப்பட்டனர். பழனிப் பாதையில் ஒலித்த காவடிச்சிந்து, நடையின் தாளத்துக்கேற்ப அமைந்த பாட்டு வகை; பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கழுகுமலை முருகன்மீது அண்ணாமலை ரெட்டியார் இயற்றிய சிந்துகள் அவ்வகைக்கு இலக்கிய வடிவம் தந்தன. இவை எதற்கும் ஒலிப்பதிவு இல்லை, விளம்பரம் இல்லை. பின்வந்த ஒவ்வொரு புதிய ஓசையும் இவற்றின் மீதுதான் வந்து அமர்ந்தது.

பெயர் சொல்லக்கூடிய முதல் ஓசை நாடக மேடையில் பிறந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய காலத்தில், சிறுவர்களே எல்லா வேடங்களையும் ஏற்று நடிக்கும் பாய்ஸ் கம்பெனிகள் இருப்புப்பாதை ஊர்களில் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் தங்கி நாடகம் நடத்தின. அதற்கு இணையாக ஸ்பெஷல் நாடகம் என்ற முறையும் வளர்ந்தது. நிலையான குழு என்று ஒன்று இல்லாமல், நடிகர்களும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் தனித்தனியே ஒப்பந்தமாகி, குறித்த இரவில் குறித்த ஊரில் கூடி, ஒத்திகை ஏதுமின்றி ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகத்தை விடிய விடிய நடத்துவதே அம்முறை. மதுரையிலும் புதுக்கோட்டையிலும் போலவே திண்டுக்கல்லிலும் அந்நடிகர்களுக்குச் சங்கம் அமைந்தது. திருவிழாக்கால நாடகங்களுக்கு இன்றும் அச்சங்கங்கள் வழியாகவே நடிகர்கள் ஒப்பந்தமாகின்றனர்.

ஒலிபெருக்கி இல்லாத அம்மேடையில், ஆயிரம் பேர் அமர்ந்த கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடுவதே முதல் தகுதி. ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணிச் சுருதியைச் சொல்லும் வழக்கப்படி ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று மதிப்பிடப்பட்ட உயர்ந்த சுருதியில் பாடியவர்களே அரசர்களாக விளங்கினர். செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பாவும் (1906–1933), திண்டுக்கல்லுக்கு வடக்கே காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளும் அவ்வகைக் குரலின் உச்சங்கள். எனினும் இருபதுகளின் குரலாக இச்சமவெளிக்கு ஒருவரைத் தேர்ந்தால் அது சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த தியாகி விசுவநாத தாஸ் (1886–1940) என்பதே பொருத்தம். வள்ளி திருமணத்தில் முருகனாக நின்று பாடிக்கொண்டிருக்கும்போதே, பறவைகளை விரட்டும் பாட்டின் வடிவத்தில் வெள்ளையரை விரட்டும் பாட்டைச் செருகி, கொட்டகை வாசலிலேயே பலமுறை கைதானவர் அவர். முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காக அவருடன் இணைந்து நடிக்க மறுத்தவர்களும் உண்டு; தென்மாவட்டங்களில் நாகசுரத்தையும் தவிலையும் வாழவைத்தவர்களில் அச்சமூகத்தாருக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில், மயில்மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்த நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

1931இல் பேசும் படம் வந்ததும் மேடைக் குரல்கள் இசைத்தட்டுக்கும் திரைக்கும் இடம்பெயர்ந்தன. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமான பாட்டே அடங்கும் என்பதால், விடிய விடிய நீண்ட இசை மூன்று நிமிட அளவுக்குச் சுருங்கக் கற்றுக்கொண்டது. 1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ மூலம் தியாகராஜ பாகவதர் அடைந்த புகழைப் பற்றி இங்கே நீட்டவேண்டியதில்லை. அது எல்லாரும் அறிந்தது. நாற்பதுகளுக்கு அவர் பெயரை எழுதுபவர்கள், அதே பத்தாண்டில் இச்சமவெளியிலிருந்து எழுந்த இன்னொரு ஓசையையும் எழுதவேண்டும் என்பதே இங்கே வலியுறுத்தப்படுவது. அது பழனி சுப்பிரமணிய பிள்ளையின் (1908–1962) மிருதங்கம்.

அவருடைய தந்தை பழனி முத்தையா பிள்ளை, கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளையின் வழியில் வந்த லய வித்துவான். லயம் என்பது காலத்தைச் சீராகப் பகுத்துச் செலுத்தும் கலை. தந்தையிடம் பயின்ற பின்னர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையின் (1875–1936) வழிகாட்டுதலையும் பெற்ற சுப்பிரமணிய பிள்ளை, இடக்கைப் பழக்கம் உடையவர். கச்சேரி மேடையில் மிருதங்கத்தின் கூர்மையான நாதம் தரும் வலந்தலைப் பக்கம் அவையை நோக்கி இருக்கவேண்டும் என்பது முறை. வலக்கைக்காரர் பாடகரின் ஒருபுறம் அமர்ந்தால் இம்முறை தானாகவே அமைந்துவிடும். இடக்கைக்காரரோ மறுபுறம் அமரவேண்டும். அப்போது வயலின் வித்துவான் தம் வழக்கமான இடத்தை விட்டுக்கொடுக்கவேண்டியிருக்கும். இதைக் காரணம் காட்டி அவருக்கு வாய்ப்புகள் மறுக்கப்பட்ட காலம் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்காக உறுதியாக நின்று தம் கச்சேரிகளில் வாசிக்கவைத்ததால்தான் மேடை அவருக்குத் திறந்தது.

அவர் வாசிப்பின் தனிச்சிறப்பு தொப்பியில் இருந்தது. மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் பக்கமே தொப்பி. கச்சேரி தொடங்குமுன் ரவையைக் குழைத்து அப்பி அதன் நாதத்தைப் பதப்படுத்துவார்கள். அத்தோலின்மீது உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்திச் சறுக்கும்போது, கீழிருந்து மேலெழும் குரலைப் போன்ற ஒலி பிறக்கும். அதற்குக் கும்கி என்று பெயர். மற்றவர்கள் இடக்கையால் செய்வதை வலக்கையால் செய்த சுப்பிரமணிய பிள்ளை, கணக்கு நிறைந்த புதுக்கோட்டை வழியின் கோவைகளுக்கு நடுவே இக்கும்கியைப் பாட்டின் வரியோடு இணைத்து வைத்ததால், அவர் மிருதங்கம் பாடுகிறது என்று கேட்டவர்கள் சொன்னார்கள். 1939இல் திருச்சிராப்பள்ளியில் வானொலி நிலையம் தொடங்கப்பட்ட பிறகு கச்சேரி இசை சபாக்களின் சுவர்களைத் தாண்டி டீக்கடைக்கும் பூங்காக்களில் வைத்த ஊராட்சி வானொலிக்கும் வந்துசேர்ந்ததை நினைத்தால், ஒரு பக்கவாத்தியக் கலைஞரின் ஓசை எவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்பதை உணரலாம். அவருடைய மாணவர் டி. ரங்கநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும், மற்றொரு மாணவர் திருச்சி சங்கரன் 1971 முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்திலும் இந்த வழியைக் கற்பித்தனர். பழனி அடிவாரத்தில் உருவான தாள மரபு டொராண்டோவின் வகுப்பறையில் பாடமான கதையைப் பழனியிலேயே பலர் அறியாதிருப்பது வருத்தத்துக்குரியது.

இதே காலத்தில் நகரின் மறுமுனையில், தோல் ஷாப்பு என்று உள்ளூரார் அழைக்கும் தோல் பதனிடும் கூடங்களில், வேறொரு கேட்பாளர் கூட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் குழியிலும் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் நாள் முழுதும் நின்று வேலை செய்த அத்தொழிலாளர்களின் வாழ்வையும் அவர்கள் செங்கொடியின்கீழ்ச் சங்கம் அமைத்ததையும் திண்டுக்கல்லில் வழக்குரைஞராக இருந்த டி. செல்வராஜ் ‘தோல்’ என்ற நாவலாக எழுதினார். 2012இல் அந்நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. பதனிட்ட தோல் செருப்புக்கும் பைக்கும் உதவும், இசைக்கு உதவாது. மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி உலர்த்திய பச்சைத் தோலே பறையிலும் மிருதங்கத்திலும் நாதம் தரும். தோலோடு நாளெல்லாம் உழன்ற அம்மக்களுக்குப் பாட்டுக் கொண்டுவந்தவர்கள் கட்சி மேடைப் பாடகர்கள்.

அவர்களில் தலையாயவர் பாவலர் வரதராசன். அன்று திண்டுக்கல்லும் கம்பம் பள்ளத்தாக்கும் ஒரே மதுரை மாவட்டத்தில் இருந்தன. திண்டுக்கல் 1985இலும் தேனி 1996இலும் தனி மாவட்டங்களாயின. கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த வரதராசன், ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பொதுவுடைமைக் கட்சியின் கூட்டங்களில் பாடினார். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே அவர் பாட்டு பெரும் பங்காற்றியது. மக்கள் நாவில் ஏற்கெனவே ஊறியிருந்த திரைப்பட மெட்டை எடுத்து, அதன் காதல் சொற்களை நீக்கி, விலைவாசி, கூலி, நிலம், சாதி ஆகியவற்றைப் பற்றிய சொற்களை அதே சந்தத்தில் அமைப்பது அவர் முறை. மெட்டைக் கற்பிக்கவேண்டிய தேவை இல்லாததால், இரண்டாம் அடியிலேயே கூட்டம் சேர்ந்து பாடத் தொடங்கிவிடும். தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங் ஆகிய மூவரும் அக்குழுவில் சேர்ந்தனர். குரல் உடையாத சிறுவனாக இருந்தபோது பெண் குரலுக்குரிய பாட்டுகளைத் தாம் பாடியதாகப் பின்னாளில் மேடைகளில் கூறிய ராசையா, உலகம் அறிந்த இளையராஜா. அமர்சிங், கங்கை அமரன்.

அறுபதுகளுக்கு இச்சமவெளி தரவேண்டிய பெயர் பாவலர் வரதராசனுடையது என்பதே இக்கட்டுரையின் துணிபு. டி. எம். சௌந்தரராஜனை (1922–2013) முன்னிறுத்துவோருக்கு வலுவான காரணம் உண்டு. மதுரை சௌராஷ்டிர சமூகத்தில் பிறந்த அவர் குரலில், அச்சமூகத்தின் பஜனை மடங்களில் வளர்ந்த அழுத்தமும் உச்சரிப்புத் தெளிவும் இருந்தன. திண்டுக்கல்லிலும் அச்சமூகத்தார் கணிசமாக வாழ்கின்றனர். மூங்கில் கழியிலும் வேப்பமரக் கிளையிலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில், மைக் செட்டுக்காரர் ஊசியை மாற்றி மாற்றி வைத்த இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை அவர் பாடியவையே. ஆனால் அக்குரல் தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவானது. அதே மெட்டுகளைச் சமவெளியின் உழைப்பாளிகள் தங்கள் வாழ்க்கையாக மாற்றிப் பாடியது பாவலர் வழியாக. அவர் பாட்டுகளில் பெரும்பாலானவை ஒலிப்பதிவு ஆகாமலே போனது தமிழ் இசை வரலாற்றுக்கு நேர்ந்த பேரிழப்பு.

எழுபதுகளின் ஓசைக்குத் திண்டுக்கல்லில் துல்லியமான ஒரு தேதியே உண்டு. 1972இல் எம். ஜி. ஆர். அண்ணா தி.மு.க.வைத் தொடங்கிய பின்னர், அக்கட்சி சந்தித்த முதல் தேர்தல் 1973 மே 20 அன்று நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். இரட்டை இலைச் சின்னம் முதன்முதலில் வென்றதும் அங்கேதான், வேட்பாளர் மாயத்தேவர். அதற்கு ஒன்பது நாள் முன்னர், மே 11 அன்று, ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியாகியிருந்தது. எம். எஸ். விஸ்வநாதன் இசையமைத்த அப்படத்தின் பெயர்கள் ஓடும்போது ஒலிக்கும் வெற்றிப் பாட்டைப் புலமைப்பித்தன் எழுத, சீர்காழி கோவிந்தராஜன் (1933–1988) பாடியிருந்தார். எம்.ஜி.ஆர். என்றால் சௌந்தரராஜன் குரல் என்ற பொதுநினைவுக்கு மாறாக, அந்தக் கோடையின் அரசியலோடு சேர்ந்துகொண்டது நாடக மேடையின் உச்சக் குரல் மரபை வெண்கல மணி போலத் திரைக்குக் கொண்டுவந்த சீர்காழியாரின் குரல். ஒரு திரைப்பாட்டு ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் வரலாற்றோடு இவ்வளவு நெருக்கமாகப் பிணைந்தது அபூர்வம்.

அப்பத்தாண்டின் பக்தி ஓசையும் ஒலிபெருக்கியிலேயே உருவானது. தேவர் பிலிம்ஸ் 1972இல் வெளியிட்ட ‘தெய்வம்’ படத்தில் மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணி அம்மாள், சூலமங்கலம் சகோதரிகள் ஆகியோர் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் பாடினர். அப்பாட்டுகள் பழனிப் பாதையின் ஓய்விடங்களில் இன்றும் ஒலிக்கின்றன. கோட்டை மாரியம்மனின் மாசித் திருவிழாவுக்கும் ஆடி மாதக் கூழ் ஊற்றலுக்கும் எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் இன்றியமையாதனவாயின. களியாட்டப் பாட்டுகளுக்கே உரியவர் என்று திரையுலகம் ஒதுக்கிவைத்த அக்குரலை, பம்பையும் உடுக்கையும் முழங்கும் தாளத்தில் தெய்வக் குரலாக ஏற்றுக்கொண்டது கிராமம்தான். திரையுலகம் காணாததைத் திருவிழாக்கூட்டம் கண்டது.

1976இல் ‘அன்னக்கிளி’ வெளியானதிலிருந்து எண்பதுகளின் இறுதிவரை இளையராஜாவின் காலம். இங்கு வாதத்துக்கே இடமில்லை. மற்ற ஊர்கள் அவரைப் புதுமையாகக் கேட்டபோது, இச்சமவெளி தன் ஓசை பெரிய இசைக்குழுவின் வழியாகத் திரும்பி வருவதைக் கேட்டது. நாற்று நடவின் தெம்மாங்கும் உறுமியின் முனகலும், வயலின் கூட்டத்துக்கும் கிதாருக்கும் நடுவே, தரம் தாழாமல் வைக்கப்பட்டிருந்தன. கட்சி மேடையில் பெற்ற பழக்கம், அதாவது கேட்ட மறுநொடியே பாடக்கூடிய மெட்டை அமைக்கும் ஆற்றல், அவரிடம் நிலைத்துத் தங்கியது. ஒலிநாடா இதற்கு வாகனமாயிற்று. பாட்டின் முதல் வரிகளைத் தாளில் வரிசையாக எழுதி, 60 நிமிடம் அல்லது 90 நிமிடக் கேசட்டோடு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வாங்கி வருவது அக்காலத்து இளைஞர்களின் வழக்கம். இதன் மூலம் முதன்முறையாகக் கேட்பவரே தமக்குரிய வரிசையை அமைத்துக்கொண்டார். வத்தலக்குண்டுக்கும் நத்தத்துக்கும் வேடசந்தூருக்கும் ஓடிய தனியார் பேருந்துகளில் அந்தக் கேசட்டுகள் பயணிகளின் பொதுச்சொத்தாயின.

1989இல் கங்கை அமரன் இயக்கத்தில் வெளிவந்து மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடிய ‘கரகாட்டக்காரன்’, இவ்வோசையின் உச்சம். அதன் விளைவு இருமுனை கொண்டது. நையாண்டி மேளத்தின் விறுவிறுப்பு திரையில் மதிப்புப் பெற்றது உண்மை; ஆனால் அதன் பின்னர் திருவிழாக்களில் நாகசுரக்காரர்கள் தங்கள் மரபான மெட்டுகளை விடுத்து அப்படத்தின் பாட்டுகளையே வாசிக்கும்படி வற்புறுத்தப்பட்டனர். திரை கிராமத்திடமிருந்து கடன் வாங்கியது. அதைத் திருப்பித் தந்தபோது கிராமத்தின் பழைய மெட்டுகள் பல இடமிழந்தன.

தொண்ணூறுகளில் ‘ரோஜா’ (1992) மூலம் ஏ. ஆர். ரகுமானின் ஓசை வந்தபோது, பழைய பாட்டு சிறந்ததா, புதிய பாட்டு சிறந்ததா என்ற விவாதத்தையே கலையாக்கிய ஒருவரைத் திண்டுக்கல் தந்தது. பள்ளி ஆசிரியரான திண்டுக்கல் ஐ. லியோனி, இரு அணிகள் வாதிட நடுவர் தீர்ப்பளிக்கும் பட்டிமன்றம் என்ற வடிவத்துக்குள் திரைப்பாட்டைக் கொண்டுவந்தார். வரிகளைச் சொல்லிவிட்டுப் போகாமல் குரலெடுத்துப் பாடிக்காட்டி, மெட்டையும் சொல்லையும் உச்சரிப்பையும் பாமரருக்கும் விளங்கும்படி ஒப்பிட்ட அம்மேடைகள், கேசட்டுகளாகவும் தொலைக்காட்சியின் பண்டிகை நிகழ்ச்சிகளாகவும் தமிழ்நாடெங்கும் சென்றன. பத்தாண்டுகளை ஓசையால் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எளிய மக்களிடையே பரவியதில் அம்மேடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. எனினும் தொண்ணூறுகளின் ஓசையை அவருக்கோ ரகுமானுக்கோ வழங்காமல், இதே ஊரில் 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவின் பெண்களுக்கு வழங்குவதே முறை.

கத்தோலிக்கத் துறவியான சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம், வறுமையாலும் சாதியாலும் கல்வி தடைப்பட்ட தலித் இளம்பெண்களுக்குத் தப்பாட்டம், கரகம், ஒயிலாட்டம், கும்மி, கோலாட்டம் ஆகியவற்றைக் கற்பித்து, அவற்றோடு தையலும் கல்வியும் தன்னம்பிக்கையும் தந்துவருகிறது. அம்பேத்கர் நூற்றாண்டு கொண்டாடப்பட்ட அந்நாட்களில் தலித் இயக்கங்களுக்குள் பறை பற்றிக் கடுமையான விவாதம் நடந்துகொண்டிருந்தது. சாவுக்கு அடிக்கும் கட்டாயத் தொழிலாக இழிவைச் சுமத்திய கருவியை அறவே கைவிடவேண்டும் என்றனர் ஒரு சாரார். இழிவு கருவியில் இல்லை, கட்டாயத்தில்தான் இருக்கிறது, ஆகவே அதை விடுதலையின் கருவியாக ஏந்தவேண்டும் என்றனர் மற்றொரு சாரார். ஆண்களே ஏந்திவந்த பறையைப் பெண்களின் தோளில் மாட்டி, சக்தி குழு இரண்டாவது கருத்துக்குக் கண்கூடான வடிவம் தந்தது.

பறையை ஏந்தும் உடல் எப்படி நிற்கிறது என்பதைக் கூர்ந்து பார்த்தால் இம்மாற்றத்தின் ஆழம் விளங்கும். மரச்சட்டத்தின் ஒருபுறம் மட்டும் புளியங்கொட்டைப் பசையால் தோல் ஒட்டிய அக்கருவி, இடத்தோளிலிருந்து தொங்கி இடுப்போடு அணைகிறது. இடக்கையில் நீண்ட மெல்லிய மூங்கில் சிம்பான சிண்டுக்குச்சியும், வலக்கையில் குட்டையான தடித்த அடிக்குச்சியும் இருக்கின்றன. முன்னது சடசடவென்ற ஒலியையும் பின்னது ஆழ்ந்த முழக்கத்தையும் தருகின்றன. வாசிக்குமுன் வைக்கோலைக் கொளுத்தி, அந்தத் தீயில் தோலைக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பதம் பார்க்கவேண்டும். கருவி கையில் இருக்கும்போதே கால்கள் அடவுகளை ஆடுவதால், தலையைக் குனிந்துகொண்டோ உடலை ஒடுக்கிக்கொண்டோ இதை வாசிக்க இயலாது. நெஞ்சு நிமிர்ந்து, கால் அகன்று, பார்வை நேராக இருக்கவேண்டும். ஊர்த்தெருவில் அப்படி நிற்பதற்கே தலைமுறைகளாக உரிமை மறுக்கப்பட்ட பெண்களுக்கு, இக்கலையின் அடிப்படைப் பயிற்சியே உரிமைப் பயிற்சியாக அமைந்தது. அமெரிக்க இசையியல் ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் இக்குழுவைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்ற ஆவணப்படத்தை 2018இல் எடுத்தார்.

அதற்குப் பிந்தைய காலத்தைச் சுருக்கமாகவே சொல்லமுடியும். கோடைக்கானல் மலையுச்சியிலிருந்து 100.5 அலைவரிசையில் ஒலிக்கும் கோடைப் பண்பலை, மலையின் உயரத்தால் பல மாவட்டங்களை எட்டி, எல்லாப் பத்தாண்டுகளின் பாட்டுகளையும் ஒரே நாளில் கலந்து தரத் தொடங்கியது. கேரளத்தின் செண்டை மேளம் திருமணங்களிலும் கோயில் விழாக்களிலும் நுழைந்து, நையாண்டி மேளக் குழுக்களின் வாய்ப்புகளைக் குறைத்தது. கைப்பேசி வந்தபின் கேட்பவருக்கு ஓர் ஓசை என்றாகிவிட்டதால், இரண்டாயிரத்துக்குப் பின்வந்த பத்தாண்டுகளுக்கு ஒரே பெயரைச் சூட்டுவது கடினம். பறை மட்டும் விதிவிலக்கு. 2017 ஜனவரியின் சல்லிக்கட்டுப் போராட்டத்தில் அது மாணவர்களின் ஓசையாக ஒலித்தது, அண்டை மாவட்டத்து அலங்காநல்லூரின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் 2025இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இவ்வரலாற்றில் பெயர் தெரிந்தவர்களைவிடப் பெயர் எழுதப்படாதவர்களே மிகுதி. நூறு ஆண்டுகளாகச் சமவெளியின் திருவிழாக்களில் வாசித்த நாகசுர, தவில் கலைஞர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை; அவை இருப்பது கோயில் விழா அழைப்பிதழ்களின் கடைசி வரிகளிலும், ஸ்பெஷல் நாடக நோட்டீசுகளிலும், பழைய திருமணப் பத்திரிகைகளிலும்தான். வீட்டுப் பரண்களிலும் கோயில் அலுவலகப் பெட்டிகளிலும் கிடக்கும் அத்தாள்கள் ஆண்டுக்காண்டு செல்லரித்தும் எடைக்குப் போயும் அழிந்துவருகின்றன. அவற்றை வைத்திருக்கும் குடும்பங்கள், பழைய காகிதக் கடையில் போடுவதற்கு முன்னர், சின்னாளப்பட்டி அருகே உள்ள காந்திகிராமப் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரியின் தமிழ்த்துறைக்கோ ஒரு படி கொடுத்துவைக்கவேண்டும். கொடுப்பவர், அத்தாளில் உள்ள கலைஞர் எந்த ஊரைச் சேர்ந்தவர், யாரிடம் பயின்றவர் என்று தமக்குத் தெரிந்ததை அதன் பின்புறத்தில் எழுதியும் தரவேண்டும்.